பிறந்த தேதி ஒரு பூட்டாகுமா?

பள்ளியின் இணையத்தளத்தில் மதிப்பெண்ணைப் பார்க்க உங்களுக்கு என்ன கடவுச்சொல் கொடுத்திருக்கிறார்கள்? பிறந்த தேதிதானே? பல பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இதுவே வழக்கம். இவ்வழக்கம் ஒழிய வேண்டும் என்பது என் கருத்து. காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன்.

நாள், மாதம், ஆண்டு என மொத்தம் எட்டு இலக்கங்கள். எட்டு இலக்கங்களை 10 கோடி விதமாக எழுதலாம். ஆகவே இது பலமான பூட்டைப் போலத் தோன்றும். ஆனால் பத்தாம் வகுப்பில் படிப்போர் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்குள் பிறந்தவர்கள். இரண்டு ஆண்டுகளில் நாள்கள் எத்தனை? 730. பத்துக் கோடி எங்கே, 730 எங்கே! அதுவும் முன்பின் அறியாத திருடனுக்குத்தான். பிறந்த நாளன்று வகுப்பு முழுவதற்கும் மிட்டாய் கொடுக்கிறீர்களே, அந்த நண்பர்களுக்கு ஒரே முயற்சி போதும்.

சரி, எது நல்ல பூட்டு? ஆங்கிலச் சிற்றெழுத்துகள் 26. அவற்றுள் ஆறினைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வரிசையாக வைத்தால் சுமார் 30.9 கோடி வகைகள் கிடைக்கும். களவாடிய கோப்பை வைத்துக்கொண்டு விநாடிக்கு 100 கோடி முறை ஊகித்துப் பார்க்கும் கணிப்பொறிக்கு இது மூன்றில் ஒரு விநாடி வேலை. எழுத்துகளைப் பன்னிரண்டாக்கினால்? நேரம் இரு மடங்காகும் என்றா நினைக்கிறீர்கள்? மூன்று ஆண்டுகளாகும்! நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஆனால் ஊர்ப் பெயர், நடிகர் பெயர் என்று வைத்தால் இந்தக் கணக்கு செல்லாது. அவற்றைத்தான் இயந்திரம் முதலில் தேடும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து எழுதுங்கள். நீளமும் கிடைக்கும், நினைவிலும் நிற்கும்.

பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் கலக்க வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்கிறார்களே என்று கேட்பீர்கள். அந்த விதிகளை 2003-ஆம் ஆண்டளவில் எழுதியவர் அமெரிக்கத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனத்தின் பில் பர். மக்கள் என்ன செய்தார்கள்? பழைய சொல்லின் கடைசியில் 1 என்பதை 2 ஆக்கினார்கள். 2017-இல் அந்நிறுவனமே இவ்விதிகளைக் கைவிட்டது. தாம் எழுதியவற்றுள் பெரும்பகுதிக்காக வருந்துவதாகப் பர் அவர்களும் கூறினார். நம் அலுவலகங்களுக்குத்தான் செய்தி இன்னும் எட்டவில்லை போலும்.

ஆசிரியர்களாகிய எங்கள் பிழையையும் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அகமதிப்பீட்டு மதிப்பெண்களைப் பதிய எனக்கு நேரமில்லை. கணிப்பொறியில் கைதேர்ந்த மாணவர் ஒருவரிடம் என் கடவுச்சொல்லைச் சொல்லிப் பதியச் செய்தேன். பிறகு இரண்டு பேருடைய மதிப்பெண் தவறாக இருந்தது தெரிய வந்தது. முதலில் யார்மேல் சந்தேகம் விழுந்தது என்று சொல்லவும் வேண்டுமா? என் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்ததில் தவறு என் கையெழுத்தில் இருந்தது. என் 7 அவருக்கு 1 ஆகத் தெரிந்திருக்கிறது. அதற்குள் அவர் இரண்டு நாள் விசாரணையில் நின்றுவிட்டார். அவர் குற்றமற்றவர் என்பதைக் கணிப்பொறியைக் கொண்டு காட்ட வழியே இல்லை. அதன் பதிவேட்டில் இருந்தது என் பெயர் மட்டுமே.

உங்கள் ஆசிரியரும் இப்படி உதவி கேட்கலாம். மறுக்க வேண்டாம். "ஐயா, நான் எண்களை வாசிக்கிறேன், நீங்கள் பதியுங்கள்" என்று சொல்லுங்கள்.