கணக்குக் கேட்பது குற்றமா?

எலக்ஷன் முடிந்து, ஜெயித்தவர் மாலை போட்டுக்கொண்டு ஊர்வலமும் போய்விட்ட பிறகு, "இந்த எண்ணிக்கையில் சந்தேகமிருக்கிறது, கணக்கைக் காட்டுங்கள்" என்று யாராவது வாய் திறந்தால், உடனே அவருக்குக் கிடைக்கும் பட்டங்கள் கொஞ்சநஞ்சமல்ல. தோற்றுப்போன வயிற்றெரிச்சல்காரன் என்பார்கள். ஜனநாயகத் துரோகி என்பார்கள். தேசத்தின் பெயரைக் கெடுக்க வந்தவன் என்பார்கள். பட்டம் இவ்வளவும் கிடைக்கும்; கேட்ட கணக்கு மாத்திரம் கிடைக்காது.

தோழர்களே! மளிகைக் கடையில் பத்து ரூபாய்க்குச் சாமான் வாங்கினாலும் எடை சரியா, மீதிச் சில்லறை சரியா என்று பார்த்துத்தான் வாங்குகிறோம். கடைக்காரர் நாணயமானவராயிருந்தால் தராசை நம் பக்கம் திருப்பியே காட்டுவார். அப்படியிருக்க, ஐந்து வருஷ காலத்துக்கு நம்மை ஆளப்போகிறவரை நிறுத்துக் கொடுத்த தராசை மாத்திரம் நாம் பார்க்கக் கூடாதென்றால் அதற்கு என்ன அர்த்தம்? சந்நிதியில் நின்று கேள்வி கேட்காதே, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுப் போ என்ற பழைய பாஷைதானே இது? சந்நிதிதான் மாறியிருக்கிறதே தவிர, பாஷை மாறவில்லை.

இதைப்பற்றி வெறும் வாதம் செய்துகொண்டிருப்பதைவிட, ஒரு தேசத்தில் நடந்த விசாரணையை எடுத்துச் சொல்லுவதே மேல் என்று நினைக்கிறோம்.

ஆப்பிரிக்காக் கண்டத்தில் மலாவி என்று ஒரு சிறிய தேசமிருக்கிறது. பணக்கார தேசமல்ல, ஜனங்களில் பெரும்பாலோர் குடியானவர்கள். அங்கு 2019-ம் வருஷம் மே மாதம் 21-ந் தேதி ஜனாதிபதி எலக்ஷன் நடந்தது. பதவியிலிருந்த பீட்டர் முத்தாரிகாவுக்கு நூற்றுக்கு 38.57 ஓட்டும், லாசரஸ் சக்வேராவுக்கு 35.41 ஓட்டும் விழுந்ததாக எலக்ஷன் கமிஷன் சொல்லிற்று. வித்தியாசம் சுமார் 1,59,000 ஓட்டு. முத்தாரிகா மறுபடியும் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். ஆனால் ஓட்டுச்சாவடிகளிலிருந்து வந்த எண்ணிக்கைத் தாள்களைப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். பல தாள்களில் எழுதியிருந்த எண்ணின்மேல் வெள்ளை மை பூசி, அதன்மேல் வேறு எண் எழுதப்பட்டிருந்தது. பள்ளிக்கூடத்துப் பையன் எழுத்துப் பிழையை மறைக்கப் பூசுகிறானே, அதே வெள்ளை மைதான்!

தோற்ற அபேக்ஷகர்கள் இருவர் கோர்ட்டுக்குப் போனார்கள். ஜனங்கள் மாதக்கணக்காக வீதியில் இறங்கிக் கிளர்ச்சி செய்தார்கள். ஐந்து ஜட்ஜுகள் கூடி 2019 ஆகஸ்டு முதல் விசாரித்தார்கள். நாம் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது, அந்த விசாரணை நாலு சுவருக்குள் முடங்கிவிடவில்லை என்பதாகும். கோர்ட்டுக் கூடத்தில் இடம் கிடைத்தவர்கள் சிலரே. ஆனால் விசாரணை ரேடியோவில் ஒலிபரப்பப்பட்டபடியால், ரேடியோப் பெட்டி இருந்த இடமெல்லாம் கோர்ட்டாயிற்று. வெள்ளை மை எப்படி வந்தது, கையெழுத்தில்லாத தாள்களை எப்படி ஏற்றீர்கள் என்ற கேள்விகளுக்குக் கமிஷன் உத்தியோகஸ்தர் ஜட்ஜுகளுக்கு மாத்திரமல்லாமல் ஊர் ஜனங்களுக்கும் கேட்கும்படி பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

இதைப் பொறுக்காதவர்களும் இருந்தார்கள். ஜட்ஜுகளுக்கு லஞ்சம் கொடுக்க முயற்சி நடந்தது. அது அம்பலமாகி, ஒரு வங்கி முதலாளி 2021-ல் தண்டிக்கப்பட்டார். 2020 பிப்ரவரி 3-ந் தேதி தீர்ப்புச் சொல்ல வந்த ஜட்ஜுகள், குண்டு துளைக்காத அங்கி மாட்டிக்கொண்டு, பட்டாளத்தின் காவலோடு வர வேண்டியிருந்தது. தீர்ப்பு சுமார் 500 பக்கம்; வாசித்து முடிக்கச் சுமார் பத்து மணி நேரமாயிற்று. எலக்ஷன் செல்லாது, 150 நாட்களுக்குள் மறு எலக்ஷன் நடத்து என்பது அதன் முடிவு. மேல் கோர்ட்டும் அதை மே மாதத்தில் உறுதி செய்தது. ஜூன் 23-ந் தேதி நடந்த மறு எலக்ஷனில் சக்வேரா நூற்றுக்கு 58-க்கு மேல் ஓட்டு வாங்கி ஜெயித்தார்.

நிற்க. 2025 செப்டம்பரில் அதே மலாவியில் அடுத்த எலக்ஷன் வந்தது. அதில் சக்வேராவைத் தோற்கடித்து, பழைய முத்தாரிகாவே நூற்றுக்கு 56-க்கு மேல் ஓட்டு வாங்கி மறுபடி ஜனாதிபதியானார். ஆகவே, அந்த விசாரணை ஒரு கட்சிக்காரரைப் பதவியில் உட்கார்த்த நடந்த காரியமல்ல. முத்தாரிகாவை இறக்கியதும், பின்னால் ஏற்றியதும் ஓட்டுதான். வெள்ளை மைக்கு அந்த யோக்கியதை கிடையாது என்பதைத்தான் கோர்ட்டு தீர்மானித்தது.

"அப்படியானால் தோற்றவன் ஒவ்வொருவனும் மோசடி மோசடி என்று கத்த ஆரம்பித்து விடுவானே" என்று சிலர் கேட்கக்கூடும். கத்தட்டும்; அதற்கும் பகிரங்க விசாரணைதான் மருந்து. 2020-ல் அமெரிக்காவில் தோற்ற டிரம்ப் கட்சியார் 60-க்கு மேற்பட்ட வழக்குகள் போட்டார்கள். அநேகமாக எல்லாம் தள்ளுபடியாயின. வெளியில் மோசடி என்று கர்ஜித்த அவருடைய வக்கீல், பென்சில்வேனியாக் கோர்ட்டில் ஜட்ஜு கேட்டபோது, இது மோசடி வழக்கல்ல என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. மேடையில் பேசுகிறவனை ருஜு எங்கே என்று கேட்பாரில்லை, கோர்ட்டில் கேட்பார்கள். கமிஷன் சொல்லிவிட்டது, நம்பு என்பதும் மூடநம்பிக்கை. எங்கள் தலைவர் சொல்லிவிட்டார், நம்பு என்பதும் மூடநம்பிக்கை. இரண்டையும் ஒரே கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பதுதான் பகுத்தறிவு.

நம் தேசத்துக்கு வருவோம். 2024 ஜனவரி 30-ந் தேதி சண்டிகர் நகர மேயர் எலக்ஷனில், எண்ணிய அதிகாரி 8 ஓட்டுகளைச் செல்லாது என்று தள்ளி, 16-க்கு 12 என்று ஒருவரை ஜெயிக்க வைத்தார். அவர் ஓட்டுச் சீட்டுகளில் பேனாவால் கீறியதை ஒரு காமிரா பார்த்துக்கொண்டிருந்தது. சுப்ரீம் கோர்ட்டில், எல்லோர் முன்னிலையிலும் அவரை விசாரித்து, சீட்டுகளையும் வரவழைத்துப் பார்த்து, 8-ம் செல்லும் என்று பிப்ரவரி 20-ந் தேதி தீர்ப்பாயிற்று. 12 ஓட்டுக்காரருக்கு 20 ஆயிற்று, அவரே மேயரானார். காமிரா இல்லாதிருந்தால், அல்லது அது பார்த்ததைக் காட்ட முடியாது என்று பூட்டி வைத்திருந்தால், அந்த 8 ஓட்டின் கதி என்ன?

இதைப் பார்த்த பிறகு சர்க்கார் செய்திருக்க வேண்டியது என்ன? காமிராப் பதிவையெல்லாம் இன்னும் தாராளமாய்த் திறந்து வைத்திருக்க வேண்டும். ஆனால் செய்தது என்ன? 2024 டிசம்பரில், 1961-ம் வருஷத்து எலக்ஷன் நடத்தை விதிகளில் 93-வது விதியைத் திருத்தி, காமிராப் பதிவு முதலியவற்றைப் பொதுஜனங்கள் பார்வையிட முடியாதபடி செய்துவிட்டார்கள். 2025 மே மாதத்தில் எலக்ஷன் கமிஷன், 45 நாட்களுக்குள் எலக்ஷன் வழக்கு எதுவும் தாக்கலாகாவிட்டால் பதிவுகளை அழித்துவிடலாம் என்று உத்தரவு போட்டது. வழக்குப் போடுவதற்குச் சட்டம் கொடுத்த கெடுவும் அதே 45 நாள்தான். பதிவைப் பார்த்தால்தான் வழக்குப் போட ஆதாரம் கிடைக்கும். வழக்குப் போட்டால்தான் பதிவு மிஞ்சும். இது எந்த ஊர் நியாயம்?

ஓட்டர்களின் அந்தரங்கத்தைக் காக்கவும், பதிவுகளை வைத்துப் பொய்ப் பிரசாரம் செய்யாமல் தடுக்கவுமே இப்படி என்கிறார்கள். ஓட்டுப் போடுவது இரகசியம். ஓட்டை எண்ணுவது இரகசியமல்ல. யாருக்குப் போட்டோம் என்பதை எந்தக் காமிராவும் காட்ட வேண்டாம். எப்படி எண்ணினீர்கள் என்பதைக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம். பொய்ப் பிரசாரத்தை ஒழிக்க மெய்யைக் காட்ட வேண்டுமேயல்லாமல் மெய்யைப் பூட்டி வைப்பது வழியல்ல.

தோழர்களே! கோர்ட்டில் எலக்ஷன் வழக்கு நடக்கும் நாளில், சினிமாவுக்குப் போகும் நேரத்தில் ஒரு பங்காவது ஒதுக்கி அங்கே போய் உட்காருங்கள். நம் தேசத்தில் கோர்ட்டு விசாரணை பகிரங்கமாய் நடக்க வேண்டும் என்பதுதான் விதி. கட்சித் துண்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கைதட்டவும் வேண்டாம், கூச்சல் போடவும் வேண்டாம். ஒரு காகிதத்தில், யார் எதைச் சொன்னார், அதற்கு எந்தத் தாளைக் காட்டினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். தாள் காட்டாதவர் உங்கள் கட்சிக்காரராயிருந்தாலும் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வெளியில் வந்து நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

ஓட்டுப் போட்டுவிட்டு விரலில் மையோடு வீட்டுக்கு வந்தால் நம் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டிருக்கிற வரையில், வெள்ளை மை பூசுகிறவர்களின் வேலையும் சுலபமாகத்தான் நடக்கும்.