அப்பன் தொடாத உளி

எங்கள் சேரிக்குள் ஆசாரி வரமாட்டார். கதவு வேண்டுமென்றால் மரத்தை நாம்தான் தலையில் சுமந்து ஊருக்குள் இருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். அப்பாவோடு அப்படிப் போன ஒருநாள் அங்கே கிடந்த உளியை எடுத்துப் பார்த்தேன். எனக்கு எட்டு வயதிருக்கும். "வச்சிடுடா. அது சாமி. ஒங்க ஜனம் தொடக்கூடாது" என்றார் ஆசாரி. குரலில் கோபம்கூட இல்லை. அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த வேப்பமரத்தை வெட்டியவர் அப்பா. கிளை கழித்து, பட்டை உரித்து, சுமந்து வந்ததும் அவர்தான். கோடரி பிடிக்கிற கை உளி பிடிக்கக் கூடாது என்றால், கோடரிக்கும் உளிக்கும் நடுவே இருப்பது என்ன? திறமையா? இல்லை, சாதி.

இன்றைக்கு நகரங்களில் மரவேலை ஒரு பொழுதுபோக்கு. கார் நிற்கும் இடத்தில் ஒரு பட்டறை, சுவர் முழுக்க வெளிநாட்டு உளிகள், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஸ்டூல். 'கையால் செய்வது தியானம் மாதிரி' என்கிறார்கள். கையையே விற்றுப் பிழைக்கிறவனுக்குத் தியானம் சொல்லித்தர ஆள் வேண்டியதில்லை. ஆனாலும் இதைக் கேலி செய்துவிட்டு நகர்ந்துபோக நான் தயாரில்லை. இதற்குள் நமக்கான ஒரு அரசியல் இருக்கிறது.

இத்தாலியில் என்ஸோ மாரி என்று ஒரு வடிவமைப்பாளர் இருந்தார். கம்யூனிஸ்ட். 1974இல் மேசை, நாற்காலி, கட்டில், அலமாரி என்று 19 பொருள்களுக்கு வரைபடம் போட்டார். சாதாரணப் பலகையும் ஆணியும் சுத்தியலும் போதும். தபால் செலவு அனுப்பியவர்களுக்கெல்லாம் வரைபடத்தை இலவசமாகக் கொடுத்தார். தொழிற்சாலைகளும் வியாபாரிகளும் தவிர யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்பது ஒன்றுதான் நிபந்தனை. ஒரு பொருளைத் தானே செய்து பார்க்கிறவனுக்கு, சந்தை அவன் தலையில் கட்டுவது எது, உண்மையில் தேவை எது என்று புரியும் என்பது அவர் வாதம்.

நல்ல வாதம்தான். ஆனால் மாரிக்கு எதிரே நின்றது சந்தை மட்டும். பலகையும் ஆணியும் எடுத்தால் 'நீ யார்' என்று மிலான் நகரத்தில் எவனும் கேட்கப்போவதில்லை. இங்கே நாற்காலி செய்வதற்கும் சாதி, அதில் உட்காருவதற்கும் சாதி. பள்ளிக்கூடத்தில் சிறுவன் அம்பேத்கர் உட்கார்ந்தது தன் வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கின்மேல். வேலைக்காரர் அதைத் தொடமாட்டார் என்பதால் சாயங்காலம் அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். அது நூறு வருஷத்துக்கு முந்திய கதை என்று சொல்லிவிடாதீர்கள். கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியில், கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலித் பெண் தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் வெளியே வந்தது. நாற்காலி என்பது நாலு காலும் ஒரு பலகையும் மட்டுமல்ல என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்?

ஆகவே நான் சொல்வது இதுதான். நம் இரவுப் பள்ளிகளிலும், படிப்பு வட்டங்களிலும், மாணவர் அறைகளிலும் ஒரு மரப்பட்டறை வேண்டும். "கையில காசில்ல தோழர்" என்பீர்கள். பெரிய காசு தேவையில்லை. ஒரு கை ரம்பம், அரை அங்குலம் ஒரு அங்குலம் என்று இரண்டு உளி, ஒரு கொட்டாப்புளி, ஒரு இழைப்புளி, மூலைமட்டம், டேப், உளி தீட்ட எண்ணெய்க்கல். வேலை மேசை நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு உயரத்துக்கு இருக்கட்டும். இடுப்பு வலிக்காது. சாமான் இறக்கிவிட்டுப் போடுகிற பேக்கிங் பலகை பழைய மரக்கடையில் கிடைக்கும். ஆணியைப் பிடுங்கிவிட்டு அறுங்கள். முத்திரையைப் பாருங்கள். 'ஹெச்.டி.' என்றிருந்தால் சூடுகாட்டிய மரம், எடுக்கலாம். 'எம்.பி.' என்றிருந்தால் நச்சுப்புகை போட்டது, தொடவேண்டாம்.

முதலில் ஒரு பெஞ்சு செய்யுங்கள். உட்காரும் உயரம் 45 செ.மீ. காலுக்கும் குறுக்குக் கட்டைக்கும் ஆணியை நம்பாதீர்கள். ஒரு கட்டையில் துளை, இன்னொன்றில் அதற்குள் இறங்கும் நாக்கு. நாக்கின் கனம் கட்டையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. முதல் பெஞ்சு ஆடும். நாங்கள் செய்ததும் ஆடியது, ஒரு காலடியில் சக்கை சொருகியிருக்கிறோம். அதில்தான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள். ரம்பம் பெண்பிள்ளைகள் கைக்கும் போகட்டும். ஆசாரி பட்டறையில் பெண்ணுக்கு உளி இல்லை. நம் பட்டறையிலும் இல்லையென்றால் நாம் செய்ததற்கு என்ன அர்த்தம்?

ஒரு தோழர் கேட்டார்: "படிச்சு மேல வர்ற பசங்கள மறுபடி கைத்தொழிலுக்கு இழுக்குறீங்களே, இது ராஜாஜியோட குலக்கல்வி இல்லையா?" நியாயமான கேள்வி. 1953இல் வந்த அந்தத் திட்டம் அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. எதிர்ப்பு வெடித்து 1954இல் ஒழிந்தது. அது சொன்னது, உன் அப்பன் செய்ததைச் செய் என்று. நான் சொல்வது நேர் எதிர். உன் அப்பன் தொடக்கூடாது என்று வைத்ததைத் தொடு. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குவது என்றார் அம்பேத்கர். தொழில் மாற விடாததால் வேலையின்மைக்கும் சாதி நேரடிக் காரணம் என்று 1936லேயே எழுதினார். புத்தகத்தை விட்டு வா என்று யாரையும் நான் கூப்பிடவில்லை. புத்தகம் ஒரு கையில், உளி ஒரு கையில்.

குலக்கல்வி செத்துப்போனது என்று நம்பவும் வேண்டாம். 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தது. 18 தொழில்கள், பட்டியலில் முதலில் தச்சு. குடும்பம் வழிவழியாகச் செய்யும் தொழில் என்பது அதன் அடிப்படை. அந்த நிபந்தனையை எடுக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்த தமிழ்நாடு அரசு, 2024 நவம்பரில் இந்த வடிவில் நடைமுறைப்படுத்த முடியாது என்றது. பிறகு சாதி பார்க்காமல் 25 தொழில்களுக்குத் தன் திட்டத்தைக் கொண்டுவந்தது. வரவேற்கலாம். ஆனால் கடன் கொடுப்பதோடு பட்டறை வாசல் திறந்துவிடாது. எங்கள் ஊர் ஆசாரி எந்தச் சட்டத்தைப் பார்த்து உளியை வைக்கச் சொன்னார்?

ஆசாரி நம் எதிரி என்று நான் சொல்லவில்லை. பூணூல் போட்டுத் தன்னையும் விஸ்வகர்மா பிராமணன் என்று சொல்லிக்கொண்டாலும், பார்ப்பான் அவரைச் சமமாகப் பக்கத்தில் உட்கார வைக்கவில்லை. படிக்கட்டுச் சாதியமைப்பின் தந்திரமே அதுதானே: மேலே மிதிபடுகிறவனுக்குக் கீழே மிதிக்க ஒருவனைக் காட்டுவது.

இன்னொன்று. மரம் நமக்குப் புதிதில்லை. பறையின் சட்டத்தைப் பாருங்கள். மூன்று துண்டு மரத்தை வளைவாகச் செதுக்கி, இரும்புப் பட்டையால் சேர்த்து வட்டமாக்கியவர்கள் யார்? அது தச்சு இல்லையா? அதற்கு ஏன் அந்தப் பெயர் கொடுக்கப்படவில்லை? நம் கைவேலையை 'இழிதொழில்' என்றும் மற்றவன் கைவேலையைக் 'கலை' என்றும் எழுதிவைத்தவர்களிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கோடரி நம்மிடம் முன்பே இருக்கிறது. உளியையும் எடுங்கள். பெஞ்சு செய்யுங்கள், அதில் உட்காருங்கள். யார் வந்தாலும் எழுந்து நிற்காதீர்கள்.