உப்பின் மீது பழி சொல்லற்க

அமோனியாவும் நைட்ரிக் திராவகமும் சேர்ந்தால், காரமும் அமிலமும் ஒன்றையொன்று அடக்கி, மிகுந்த உஷ்ணத்துடன் அமோனியம் நைட்ரேட் என்னும் வெண்ணிற உப்பாகின்றன. நூற்றுக்கு 35 பங்கு நைட்ரஜன் அடங்கிய இவ்வுப்பு பயிருக்குச் சிறந்த எரு. சுரங்கங்களில் பாறை தகர்க்கும் வெடிமருந்துக்கும் இதுவே மூலப்பொருள். அன்னமும் அழிவும் ஒன்றாய் உறையும் இப்பொருளைக் காக்கும் விஷயம் ரஸாயன நிபுணர்களுக்கு மாத்திரம் உரியதன்று; பொதுஜனங்களுக்கும் உரியதாகும்.

சாதாரண நிலையில் இவ்வுப்பு சாதுவானது. தீயில் சூடேறி, உருகி, அடைபட்டு, அந்நியப் பொருள்களுடன் கலக்கும்போதும், பலத்த அதிர்ச்சிக்கு உள்ளாகும்போதுமே சீறுகிறது. 1921 செப்டம்பர் 21-ந் தேதி ஜெர்மனியின் ஒப்பாவ் தொழிற்சாலையில், இறுகிப்போன அமோனியம் ஸல்பேட், நைட்ரேட் கலப்பு எருவை இளக்குவதற்கு வெடி வைத்தார்கள். முன்பு பலமுறை தீங்கின்றி நடந்த வேலைதான். அன்று 500 பேருக்கு மேல் மாண்டனர். பழக்கம் தந்த அசட்டுத் துணிச்சலுக்கு அதுவே கூலி.

பெய்ரூட்டில் நடந்தது அதனினும் கொடிது. ஒரு கப்பல் கொணர்ந்த 2,750 டன் உப்பு, 2014 முதல் துறைமுகக் கிடங்கில் கிடந்தது. அபாயத்தை எடுத்துக்காட்டிக் கடிதங்கள் எழுதப்பட்டன, சரக்கோ அசையவில்லை. 2020 ஆகஸ்ட் 4-ந் தேதி கிடங்கில் தீப்பற்றியது. 200 பேருக்கு மேல் உயிரிழந்தனர், லட்சக்கணக்கானோர் வீடிழந்தனர்.

இது எங்கோ நடந்த கதையென்று நாம் இருந்துவிட முடியுமா? 2012-லேயே இந்திய சர்க்கார் இப்பொருளுக்கென்று தனி விதிகள் வகுத்தது. ஆயினும் 2015-ல் சுங்க இலாகா கைப்பற்றிய ஏறக்குறைய 700 டன் இதே சரக்கு, சென்னை மணலியில் ஐந்து வருஷம் கிடந்தது. பெய்ரூட் எரிந்த பிறகே அது ஹைதராபாத்துக்கு அகற்றப்பட்டது. அந்நிய நகரத்தின் பிணக்குவியலைக் கண்ட பிறகுதானா நம் அதிகாரிகளுக்கு விழிப்பு வரவேண்டும்?

சரக்கு விவரத்தை வெளியிட்டால் ஜனங்கள் பீதியடைவர் என்று சிலர் சொல்லக்கூடும். அது பொருந்தாத வாதம். பெய்ரூட்டில் விஷயம் அறிந்தவர்கள் காரியாலயங்களில் இருந்தார்கள்; அறியாதவர்களே வீதியில் மாண்டார்கள். எந்தக் கிடங்கில், எவ்வளவு, எத்தனை நாளாக, யார் பொறுப்பில் என்னும் நான்கு விவரங்களும் அவ்வூர் ஸ்தல ஸ்தாபனத்துக்கும் தீயணைப்புப் படைக்கும் குடிகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கைப்பற்றிய சரக்கை அகற்றுவதற்குக் காலவரம்பு வேண்டும். அதை மீறும் அதிகாரி பதில் சொல்லவேண்டும். உப்பு தன் இயல்பை மறைப்பதில்லை, மறைப்பவர் மனிதரே.