கும்பினிக்கு வாள் கொடுத்த தமிழன்

மதுரையில் 1764ஆம் ஆண்டு அக்தோபர் 15ஆம் நாள் தூக்கிலிடப்பட்ட கான்சாகிபு என்னும் யூசுப்கானை இன்று சிலர் மாசற்ற விடுதலை மறவனாகப் போற்றுகின்றனர். வேறு சிலரோ, சமயம் மாறியவன் என்னும் ஒரே கரணியத்தால் தமிழர் வரலாற்றினின்றே அவனைத் தள்ளுகின்றனர். பின்னவர்க்கு நீண்ட விடை தேவையில்லை. பனையூரில் மருதநாயகமாகப் பிறந்தவன் தொழும் முறையை மாற்றிக்கொண்டதனால் தமிழனல்லாமற் போய்விடுவானா? முன்னவர்க்கே சில செய்திகளை நினைவூட்ட வேண்டியுள்ளது.

அவன் படைத்திறம் பெரிது, அதனை மறுப்பாரில்லை. திருச்சிராப்பள்ளிப் போர்களில் வெள்ளையர் படைக்கு உணவு வந்த வழிகளைக் காத்தவன் அவன். 1758–59இல் பிரெஞ்சியர் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபொழுது, வெளியிலிருந்து அவர்களை ஓயாமல் அலைக்கழித்தவனும் அவனே. கும்பினியின் சிப்பாய்களுக்கெல்லாம் தலைவனாக உயர்ந்தான். வெள்ளைத் தளபதி இலாரன்சு அவனை வாயாரப் புகழ்ந்தார். புகழாமல் என்செய்வார்? உழைப்பு தமிழனுடையது, ஊதியம் கும்பினிக்கு!

1755இல் நெற்கட்டுஞ்செவலைப் பணியவைக்கச் சென்ற எரான் என்னும் வெள்ளைத் தலைவன் பூலித்தேவனிடம் தோற்றுத் திரும்பினான். அன்று வெள்ளையனால் இயலாததை 1761இல் முடித்துக் கொடுத்தவன் யார்? இதே யூசுப்கான்! நெற்கட்டுஞ்செவலும் வாசுதேவநல்லூரும் அவன் பீரங்கிகளுக்கு வீழ்ந்தன. தமிழன் கோட்டையைத் தமிழன் கையாலேயே இடித்த அச்சூழ்ச்சியை, அவனைப் பாடுவோர் ஒரு வரியில் கடந்துபோவது ஏன்?

மதுரையை அவன் செம்மையாக ஆண்டான், நீர்நிலைகளைப் பேணினான், கோயில் மானியங்களைக் காத்தான். ஆயினும், ஆர்க்காட்டு நவாபு முகமதலிக்கு அடங்கிய ஊழியனாக இருக்குமாறு கும்பினி பணித்தபொழுதுதான், தான் யாருக்கு வாள் வீசினோம் என்பது அவனுக்கு விளங்கியது. 1763இல் எதிர்த்தெழுந்தான். முதல் முற்றுகையை முறியடித்தான். அந்த மறம் மெய்யான மறம். அதைப் போற்றுவதில் தவறில்லை. ஆனால், அவன் ஒடுக்கிய பாளையங்களிலிருந்து அவனைக் காக்கப் பெரும்படை எதுவும் திரண்டு வரவில்லை. எப்படி வரும்?

இறுதியில் அவனைப் பிடித்துக் கொடுத்தது போர்க்களமன்று, இரண்டகமே. அவன்பால் ஊழியம் செய்த சீனிவாசராவும், பிரெஞ்சியனான மார்ச்சந்தும் கூடிச் சூழ்ந்தனர். தொழுகையில் இருந்தவனைக் கட்டினர் என்பர். கட்டியவர்கள் ஒப்படைத்தது, அவன் பல்லாண்டு உழைத்துக் கொடுத்த அதே கும்பினியின் பாசறையில். தூக்கிலிட ஆணையிட்டது அவன் பணிய மறுத்த அதே நவாபு. சென்னையைக் காத்துக் கொடுத்து ஆறாண்டுகூட நிறையவில்லை. சம்மட்டிபுரத்தில் அவன் அடக்கத்தலம் இன்றும் உள்ளது.