கணக்குக் கேட்பது குடிமக்கள் கடன்!

நம் பொருளை நம்மிடமிருந்தே வாங்கி, நம் பெயராலேயே செலவிட்டு, ‘எங்கே செலவாயிற்று?’ என்று நாம் வினவுங்கால் நம்மையே ஐயுற்று நோக்கும் ஆட்சியை எப்பெயரிட்டு அழைப்பது? குடியாட்சி என்று அதற்குப் பெயர் சூட்டியிருக்கின்றனர். பெயரில் குடி இருக்கின்றது. ஆட்சியில் குடிக்கு இடமில்லை.

முப்பதாண்டுக்கு மேலாகப் பள்ளியில் தமிழ் கற்பித்து வருபவன் யான். அண்மையில் எம்மூர்ப் பெரியவர் ஒருவர் ஒரு மடலைக் கொணர்ந்து என்னிடம் நீட்டினார். எம்மூர் ஏரியின் வரத்துக்கால் தூர்வாரப்பட்டதாகப் பலகை நடப்பட்டிருக்கின்றது. காலிலோ முள்ளும் புதரும் முன்பிருந்தவாறே மண்டிக் கிடக்கின்றன. ‘தூர்வாரியது எந்நாள்? செலவு எவ்வளவு? அளந்து பார்த்தவர் யார்?’ என மூன்றே வினாக்களைத் தமிழில் எழுதி, 10 உருபாக் கட்டணமும் செலுத்தி, ஓர் அலுவலகத்திற்கு விடுத்திருந்தார் அவர். விடை ஆங்கிலத்தில் வந்தது. ‘வேறு அலுவலகத்தைக் கேட்டுக்கொள்க’ என்பதே அதன் பொருள்.

“ஐயா, வாரினோம் என்று எழுதியிருக்கின்றார்களா, வாரவில்லை என்று எழுதியிருக்கின்றார்களா?” என்றார் பெரியவர்.

“இரண்டுமில்லை, ஐயா” என்றேன்.

“அப்படியானால் இதை எழுதியவருக்குச் சம்பளம் எதற்கு?” என்று கேட்டுவிட்டு, மடலை மடித்து மடியில் செருகிக்கொண்டு போனார். அவ்வினாவிற்கு இன்றுவரை என்னிடம் விடையில்லை. ஆள்வோரிடம் உண்டா?

சட்டம் கூறுவது என்ன? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, வினவுவோர் எதற்காக வினவுகின்றோம் என்று கூறத் தேவையில்லை. அவ்வட்டார ஆட்சிமொழியிலேயே வினவலாம். 30 நாளுக்குள் விடை தருதல் வேண்டும். பிறிதோர் அலுவலகத்திற்குரிய வினாவாயின், பெற்ற அலுவலகமே 5 நாளுக்குள் அதனை உரிய இடத்திற்கு மாற்றி அனுப்புதல் வேண்டும். தக்க கரணியமின்றிக் காலந்தாழ்த்தும் அலுவலர்க்கு நாளொன்றுக்கு 250 உருபாவாக 25,000 உருபா வரை ஒறுப்புத் தொகை உண்டு. ஆக, எம்மூர்ப் பெரியவர்க்கு வந்த மடல் விடையன்று, சட்டமீறல்! அதனையும் அரசு முத்திரை குத்தியே அனுப்பியிருக்கின்றனர்.

இச்சட்டமாவது முழுமையாக நிலைத்ததோ? 2019-இல் தில்லி அதன் முதுகெலும்பில் கைவைத்தது. தகவல் ஆணையர்க்கு 5 ஆண்டுப் பணிக்காலமென்றும் இன்ன சம்பளமென்றும் சட்டமே உறுதி செய்திருந்தது. அவ்வுறுதியை நீக்கி, பணிக்காலத்தையும் சம்பளத்தையும் நடுவணரசே வரையறுக்குமாறு திருத்தினர். பணிக்காலம் 3 ஆண்டாகச் சுருங்கிற்று. மாநில ஆணையர்க்கும் இதுவே நிலை! சென்னையில் அமர்ந்து தமிழ்நாட்டு அலுவலரைக் கேள்வி கேட்க வேண்டியவரின் சம்பளத்தைத் தில்லி அளக்கின்றது. கூலியளப்போன் முகம் நோக்காமல் எத்துணைப் பேரால் நடுநிலை பிறழாது நிற்க முடியும்?

அடுத்து 2023-ஆம் ஆண்டு வந்த தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பொதுப்பணியோடு தொடர்பற்ற தனியார் செய்திகளை மட்டுமே மறுக்கலாமென்றிருந்த பிரிவை, தனியாள் செய்தி எதனையும் மறுக்கலாமென விரித்துவிட்டது அது. ஒப்பந்தக்காரன் பெயரும் தனியாள் செய்தி. தூர்வாராத காலை வாரியதாகக் கையெழுத்திட்ட அலுவலர் பெயரும் தனியாள் செய்தி! பொதுநலன் கருதி வெளியிடலாமென வேறோர் உட்பிரிவு இருக்கின்றதே என்பர். இருக்கின்றது, ஆயின் அக்கதவின் திறவுகோல் மறுக்கும் அலுவலரின் கையிலன்றோ இருக்கின்றது!

மறைத்தல் எத்துணைப் பெரிதாக வளருமென்பதற்குத் தேர்தல் பத்திரமே சான்று. 2018-இல் அதனைக் கொணர்ந்தனர். எந்த வணிக நிறுவனம் எக்கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்பதை மக்கள் அறியவொண்ணாதவாறு அதனை அமைத்தனர். கொடுத்தவனும் அறிவான், வாங்கியவனும் அறிவான், ஒப்போலையிடுவோன் மட்டும் அறியலாகாதாம்! 2024 பிப்பிரவரி 15 அன்று உச்ச அறமன்றத்தின் ஐந்து நடுவரும் ஒருமித்து அதனைச் செல்லாதென்றனர். கணக்கை வெளியிட விற்ற வங்கி சூன் 30 வரை காலம் வேண்டிற்று. அதற்குள் நாடாளுமன்றத் தேர்தலே முடிந்துவிடுமன்றோ! மன்றம் மறுத்து, மறுநாளே தரவேண்டுமென்று ஆணையிட்ட பின்னர், பல திங்கள் வேண்டுமென்ற கணக்கு ஒரே நாளில் வந்து சேர்ந்தது. அப்பட்டியலில் தில்லிக் கட்சிகளோடு மாநிலக் கட்சிகள் பலவும் இருந்தமையை நாம் மறத்தல் வேண்டா.

ஆள்வோர் மறைக்கும் வழிகளுள் மொழியும் ஒன்று. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வெளியிட்டு, ‘மக்களே, கருத்துக் கூறுக’ என்றது நடுவணரசு. யாருடைய கருத்து? கழனியையும் கடற்கரையையும் இழக்கப்போகும் உழவனும் பரதவனும் படிக்கவியலாத தாளில் யார் கருத்துக் கூறுவது? எட்டாம் அட்டவணை மொழிகள் 22-இலும் வெளியிடுமாறு தில்லி உயர் அறமன்றம் அவ்வாண்டு சூன் 30-இல் ஆணையிட்டது. அதனை நிறைவேற்றாமல், எதிர்த்து உச்ச அறமன்றம் வரை சென்றது அரசு. மொழிபெயர்க்க அஞ்சும் ஆட்சி எதற்கு அஞ்சுகின்றது? புரிந்துகொண்ட மக்களுக்கே அஞ்சுகின்றது!

தில்லியைச் சாடுங்கால் கைதட்டுவோர் சிலர் சென்னையைச் சாடுங்கால் முகஞ்சுளிப்பர். எம்மூர்ப் பெரியவர்க்கு ஆங்கிலத்தில் விடையிறுத்தது தில்லியன்று. தமிழை ஆட்சிமொழியாக்கி 1956-இலேயே சட்டமியற்றிய மண்ணில், அதற்குப் பின் மூன்று தலைமுறை கடந்தும் அலுவலகத் தாளில் ஆங்கிலம் அரசோச்சுகின்றது. நம் கட்சி ஆண்டால் கேளாதிருப்பதும் மாற்றுக் கட்சி ஆண்டால் கூவுவதும் கட்சிப் பணி. கணக்குக் கேட்டல் ஆகாது. களவு தமிழில் நடந்தால் களவாகாதோ?

கணக்குக் கேட்கும் முறை நமக்குப் புதிதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூர்க் கல்வெட்டைக் காண்க. முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டவை அவை. ஊர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது ஒழிந்தவன் பெயரைக் குடவோலையில் எழுதலாகாது. அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரும் எழுதலாகாது என்று அவை விதந்து கூறுகின்றன. அவ்வவை பார்ப்பன ஊரொன்றின் அவை. உழைக்கும் குடிகட்கு அதில் இடமில்லை. அக்குறையை யாம் மறைக்கவுமில்லை, போற்றவுமில்லை. ஆயினும், அந்தச் சிற்றவைக்கே இருந்த நெறி, அனைவர்க்கும் ஒப்போலை தந்திருக்கும் இன்றைய ஆட்சிக்கு ஏன் இல்லை? கணக்குக் காட்டாதவன் மறுமுறை நிற்கலாகாதென்று இன்று சட்டம் செய்தால், எத்தனை பெயர் ஓலையில் எஞ்சும்?

தமிழ் மக்களே! கொந்தளிப்பும் கூக்குரலும் ஒரு நாளில் அடங்கும். எழுதிக் கேட்ட வினா அடங்காது. சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2 ஆகிய நாள்களில் கூடும் ஊரவைக்குச் செல்லுங்கள். வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்கள். தமிழில் வினவுங்கள், தமிழிலேயே விடை தருமாறு வற்புறுத்துங்கள். விடை வாராவிடில் மேல்முறையீடு செய்யுங்கள். அங்கும் வாராவிடில் ஆணையத்தின் கதவைத் தட்டுங்கள்.

எம்மூர்ப் பெரியவர் மேல்முறையீடு எழுதிவிட்டார். எழுத்துப் பிழை திருத்தியது மட்டுமே என் பணி. வினா அவருடையது, ஏரியும் அவருடையது. ஊர்தோறும் அவரைப் போல் பதின்மர் எழுந்தால், ஆள்வோர் கணக்கெழுதக் கற்றுக்கொள்வர்!