பழைய பெயர், புது விதை

கேள்வி: "சி.ஆர். 1009 சப் 1 என்பது பழைய நெல்தான், பெயரை மாற்றி மறுபடி விற்கிறார்கள்" என்கிறான் கைலாசபுரத்தில் குடியிருக்கும் என் மகன். வாங்கலாமா?
– ஒரு வாசகர், லால்குடி

பதில்: மகன் சொல்வது பாதி சரி. பழைய படத்தை மறுபடி திரையிட்டால் அதே படம்தான். புத்தகத்தின் மறுபதிப்பில் அச்சுப்பிழை குறையலாம். நெல் ரகம் மறுபடி வருவது வேறு மாதிரி. நாம் பொன்மணி என்று சொல்லும் சி.ஆர். 1009க்குள், ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற நாட்டு நெல்லின் வெள்ளம் தாங்கும் மரபணுவைக் கலப்பு முறையில் கொண்டுவந்திருக்கிறார்கள். மரபணு மாற்றுப் பயிர் அல்ல, பயப்பட வேண்டாம். வயதும் அரிசியும் ஏறக்குறைய பழையபடியேதான். பயிர் முழுக்க மூழ்கினால், நீரை எட்டிப் பிடிக்க வளராமல் சத்தைச் சேமித்துக்கொண்டு, இரண்டு வாரம் வரை உயிரோடு இருக்கும். வடிந்ததும் துளிர்க்கும். பழைய பொன்மணி அதற்குள் அழுகிவிடும்.

ஆனால் இடுப்பளவு தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கும் வயலுக்கோ, பூக்கும் சமயத்து வெள்ளத்துக்கோ இது உதவாது. மேட்டு வயல்காரர் இதைத் தேடி அலைய வேண்டியதில்லை. பள்ளத்து வயலென்றால் வாங்குங்கள். நீண்ட வயதுள்ள ரகம், ஆவணிக்குள் நாற்று விட வேண்டும். ஐப்பசியில் வந்து கேட்பவரை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

மூட்டையின் நீல அட்டையையும் பாருங்கள். சான்று விதைக்குக் காலக்கெடு 9 மாதம். மறுபடி சோதித்துத் தேறினால்தான் 6 மாதம் நீட்டிப்பார்கள். நீட்டித்த மூட்டை என்றால், 100 நெல்லை ஈரத்துணியில் கட்டி வைத்து முளையை எண்ணுங்கள். 80க்குக் குறைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.