தேய்ந்த இடத்தின் பெருமை

லாரிக் கூடு கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லில், அத்தொழில் புரியும் அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். "காசு கொடுத்து வாங்கியதைக் கரியாக்குகிறானே!" என்று மகனைக் கடிந்துகொண்டிருந்தார்.

சிறுவன் கையில் இருந்தது 'நாட்' போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரி. மூல விமானத்தில் 72-இல் ஒரு பங்கு. இறக்கையின் விரிவு 9 சென்டிமீட்டருக்குச் சற்றே மிகுதி. ஒட்டி, வண்ணம் பூசி, உலர்ந்தபின், நீர்த்த கருவண்ணத்தைத் தகட்டு இணைப்புகளில் ஓடவிட்டுத் துடைத்தான். பீரங்கி வாயருகே கரித்தூள் தடவினான். விமானி ஏறும் விளிம்பில் மட்டும் வெள்ளி வண்ணத்தைப் புள்ளியிட்டான்.

"அங்கு மட்டும் ஏனப்பா?" என்று வினவினோம்.

"கால் படும் இடந்தானே ஐயா தேயும்? நம் லாரிப் படியைப் பாருங்கள்" என்றான். தந்தை வாயடைத்துப் போனார்.

1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் தளத்தை 6 சேபர் விமானங்கள் தாக்கியபோது, 'நாட்' ஒன்றில் எழுந்து போரிட்டு உயிர் நீத்தவர் நிர்மல்ஜித் சிங் சேகோன். விமானப் படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. அவர் பணியாற்றிய 18-ஆம் படைப்பிரிவு, 2020-இல் நம் அண்டையிலுள்ள சூலூரில் தேஜஸ் விமானங்களுடன் மீண்டும் உயிர்பெற்றது.

மினுமினுக்கும் விமானம் இன்னும் பறவாத விமானம். கறை மிகுந்தாலோ அது பேணப்படாத விமானம். உழைப்பு பட்ட இடத்தில் மட்டும் தேய்மானம் காட்டுவதே உண்மை.

மறுமுறை சென்றபோது, வெயில் படாத மூலையில் கண்ணாடிப் பேழை ஒன்று இருந்தது. உள்ளே விமானம், அடியில் சேகோனின் பெயர். பேழையைச் செய்தவர் தந்தையே.